திரைக்கு முதுகு காட்டியவள்

அரங்கில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கண் சிமிட்டினார்கள்.

அவள் அதை மானிட்டரில் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சிரித்தாள். மந்தையாக உட்கார்ந்திருப்பவர்கள் மந்தையாகத்தானே சிமிட்டுவார்கள்! ஆறிப்போன காபியை ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி திரையை நெருங்கிப் பார்த்தாள். சாம்பல் நிற முகங்கள் வரிசை வரிசையாக இருந்தன. இருட்டிலும் படம் பிடிக்கிற கேமராவில் மனிதர்களின் கண்கள் வெள்ளை வெள்ளையாக மின்னும். பழகிப்போனதால் அது அவளை ஒன்றும் செய்வதில்லை.

அவள் பிழைப்பே அதுதான். படம் வெளியாவதற்கு முன் ஐம்பது அறுபது பேரைக் கூப்பிட்டு இலவசமாகப் போட்டுக் காட்டுவார்கள். திரைக்கு மேலே ஒரு கேமரா அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அவள் பின்னறையில் உட்கார்ந்து, எங்கே சிரித்தார்கள், எங்கே நெளிந்தார்கள், எங்கே போனை எடுத்தார்கள் என்று எடிட்டருக்குச் சொல்ல வேண்டும். படத்தை மட்டும் அவள் பார்க்கவே மாட்டாள், சத்தத்தையும் அணைத்துவிடுவாள். படத்தைப் பார்த்துவிட்டால், முகத்தில் இல்லாததையும் நாமே எழுதிவைத்துப் படிக்க ஆரம்பித்துவிடுவோம் என்பது அவள் கட்சி. அரங்குக்குள் போக நேர்ந்தாலும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பாள்.

இத்தனை வருடம் முகம் பார்த்ததில் அவளுக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று, இளக்காரம். பக்கத்தில் இருக்கும் மனைவிக்குக் கதை விளக்குகிற மேதாவி, யார் சிரித்தாலும் பின்னாலேயே சிரிக்கிற கூட்டம், இசை கொஞ்சம் உரக்க வந்தால் போதும், கண்ணைத் துடைக்கிற அழுமூஞ்சிகள். இதுகளுக்காகவா கோடி கோடியாகச் செலவு செய்கிறார்கள் என்று தினமும் நினைப்பாள்.

இந்தப் படம் வேறு கிரகத்திலிருந்து யாரோ நம்மைத் தேடி வருவதைப் பற்றியது. வருபவர்களைக் கடைசிவரை காட்டுவதில்லையாம். கதவு திறந்து கிடக்கும் ஒரு வெற்று வாசல், அதற்குள் இருட்டு, அவ்வளவுதான் என்று எடிட்டர் சொல்லியிருந்தார். அந்த வாசல் காட்சி முதல் முறை ஓடியபோது அரங்கில் ஓர் அசைவு இல்லை. 'வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள், இதை நீட்டுங்கள்' என்றாள் அவள். எடிட்டர் நீட்டினார். அடுத்த முறையும் அதே கதைதான். இன்னும் நீட்டச் சொன்னாள்.

படம் முடிந்ததும் அரங்கின் வாசலில் நின்று கருத்துக் கேட்பதும் அவள் வேலைதான்.

"ஏலியன் படம்னு கூட்டிட்டு வந்து ஏலியனையே காட்டலையே! கிராஃபிக்ஸுக்குக் காசு பத்தலையா?" என்றார் ஒருவர் முதல் காட்சியில். அது பரவாயில்லை, அவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். இரண்டாவது காட்சியில் யாருமே அப்படிக் குறைபட்டுக்கொள்ளவில்லை.

"அவங்க வர்ற இடம் நல்லா இருந்துச்சு," என்றாள் ஒரு பெண்.

"யாரு வர்ற இடம்?"

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க பாக்கலையா?" என்று உதட்டைச் சுழித்துவிட்டுப் போனாள். பின்னால் வந்தவர்களும் அதே மாதிரி சுழித்துக்கொண்டு போனார்கள். ஓசியில் படம் பார்த்துவிட்டு என்ன மண்டைக்கனம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று பிற்பகல் மூன்றாவது காட்சி. மூன்றாவது வரிசை ஓரத்தில் அவள் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

தங்கைக்கு எந்தப் படமானாலும் அழுகை வரும், விளம்பரத்துக்குக்கூட வரும். வீட்டில் இருப்பதே இவர்கள் இரண்டு பேர்தான். அம்மா போன பிறகு அவளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கு அனுப்பி வளர்த்தது இவள்தான். "ஒரு பாஸ் குடேன்கா, ஒரே ஒரு தடவை," என்று ஒரு வாரமாக நச்சரித்தாள். தொல்லை தாங்காமல் இவளும் கொடுத்துவிட்டாள். உலகத்தில் இவள் இளக்காரம் இல்லாமல் பார்க்கிற ஒரே முகம் அதுதான்.

வாசல் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. முகங்கள் பிடித்துவைத்தது போல் இருந்தன. மறுபடி சிமிட்டினார்கள், ஒன்றாக. இந்த முறை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னிப்பாகப் பார்த்தபோதுதான் மார்புகளும் தெரிந்தன. குண்டானவர், ஒல்லியானவர், கிழவர், கைக்குழந்தையோடு வந்தவள், அந்தக் குழந்தை, எல்லோரும் ஒரே சீராக மூச்சை இழுத்தார்கள். விட்டார்கள். தங்கையும் இழுத்தாள், விட்டாள். அவள் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

மின்விசிறி தலைக்கு மேல் கரகரத்தது. ஏதோ வயர் சூடான நாற்றம் வந்தது. எவ்வளவு நேரமாக ஓடுகிறது இந்தக் காட்சி? இவ்வளவா நீட்டினார்கள்? மூச்சு இப்போது இன்னும் மெதுவாகியிருந்தது. இழுத்தார்கள். விடவில்லை. அவளும் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு வலித்தபோதுதான் விட்டாள். அவர்கள் அப்போதும் விடவில்லை.

இண்டர்காமை எடுத்தாள். எடிட்டர் மேலே ப்ரொஜெக்டர் அறையில் இருந்தார்.

"அந்த வாசல் ஷாட்ட நிறுத்துங்க."

"மேடம்..."

"என் தங்கச்சி உள்ள இருக்கா. நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!"

"நிறுத்தி ரொம்ப நேரமாச்சு மேடம்." எடிட்டர் குரலைத் தாழ்த்தினார். "நீட்டுனதுல ஏதோ கோளாறு, ஷாட்டு முடியவே மாட்டேங்குது. அதான் ப்ரொஜெக்டர ஆஃப் பண்ணிட்டேன். லைட்டும் போட்டாச்சு. ஒருத்தரும் எந்திரிக்கல. வெறும் திரையில என்னத்த பாக்குறாங்கன்னு தெரியல. இருங்க, ஜன்னல் வழியா திரைய எட்டிப் பாக்குறேன்."

அந்தக் கேமராவுக்கு இருட்டும் வெளிச்சமும் ஒன்றுதான். விளக்கு எரிவது அவளுக்குத் தெரியாமலே போயிருந்தது.

"சார்?"

இண்டர்காமில் அவர் மூச்சை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. விடுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

அவள் ஓடினாள். நீண்ட நடை, கார்பெட் வாசனை, பழைய பாப்கார்ன் வாசனை, சுவரில் மாட்டிய போஸ்டர்களில் சிரிக்கிற மூஞ்சிகள். அரங்கின் பக்கக் கதவு திரையை ஒட்டித் திறக்கும். கைப்பிடியில் கை வைத்ததும் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பார்த்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அவள் பார்க்கக் கூடாது. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

விளக்குகள் எல்லாம் எரிந்தன. இத்தனை பேர் இருந்தும் ஒரு இருமல் இல்லை, ஒரு நாற்காலி முனகவில்லை. திரை அவளுக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து குளிர்ந்த காற்று வந்தது, பூட்டியே கிடந்த வீட்டைத் திறந்தால் வருகிற மாதிரி.

தங்கையின் முன்னால் போய் நின்றாள். "ஏய், எந்திரி. வா வீட்டுக்குப் போலாம்." கையைப் பிடித்து இழுத்தாள். கை கல் மாதிரி இருந்தது. "அக்கா சொல்றேன்ல? அக்காவப் பாருடி!"

தங்கை பார்க்கவில்லை. தலையை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்தாள், முன்னால் யாராவது மறைத்தால் சாய்ப்பது போல. அரங்கமே அதே பக்கம் சாய்ந்தது.

"ஒதுங்குக்கா." உதட்டில் அந்தச் சுழிப்பு இருந்தது. "மறைக்குது."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தக் குரலில் தங்கை ஒருநாளும் அவளிடம் பேசியதில்லை. முகத்தை இரு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். முகம் திரும்பியது. கண்கள் திரும்பவில்லை.

தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று குனிந்தாள். அப்போதுதான் அந்தக் கண்கள் நகர ஆரம்பித்தன. திரையின் நடுவில் எங்கோ நிலைத்திருந்தவை மெல்ல மெல்லக் கீழே வந்தன. எல்லாக் கண்களும். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, கடைசி வரிசை, மேலே கண்ணாடிக்குப் பின்னால் எடிட்டரின் கண்கள்.

திரும்பக் கூடாது. திரும்பக் கூடாது.

அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். முகங்களைப் படித்தாள்.

உயரமானது. திரையை விட்டு இறங்கிவிட்டது. நடக்கிறது.

கண்கள் அவள் தலைக்கு மேலே வந்து நின்றன. அத்தனை பேரும் பிடித்துவைத்த மூச்சை ஒன்றாக விட்டார்கள். தங்கையின் முகம் மலர்ந்தது. பள்ளிக்கூட வாசலில் அக்கா வந்து நின்றதும் மலருமே, அதே முகம். ஆனால் அது அவளுக்காக மலரவில்லை.

கண்கள் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கின.

குனிகிறது.