கை அசைந்தால் ஓடும்

பதினொரு மணி அடித்தது.

பெரிய சத்தம் ஒன்றுமில்லை. வெள்ளிக் கிண்ணத்தின் விளிம்பை ஊசியால் தொட்டதுபோல், மெல்ல, நிதானமாக, பதினொரு தடவை. மூன்று வருடமாக இரவும் பகலும் கேட்டுப் பழகிய சத்தம்தான். அது தரைக்கு அடியிலிருந்து வந்ததற்குக்கூட முத்துச்செல்வி பயப்படவில்லை. அந்த வாட்சைத் தரைக்கு அடியில் போட்டவளே அவள்தான்.

அது ஓடக்கூடாது. அதுதான் விஷயம்.

அதற்கு பேட்டரி கிடையாது, சாவி கொடுக்கிற வேலையும் கிடையாது. கட்டியிருக்கிற கை அசைந்தால் ஓடும். கை நின்றால் இரண்டு நாளில் தானும் நின்றுவிடும். அவள் அதை மண்ணுக்குள் போட்டு இன்றோடு பதினான்கு நாள்.

எட்டயபுரம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, வேலிக்கருவைக்கு நடுவே வண்டித்தடத்தில் ஒரு மைல் நடந்து வந்திருந்தாள். அவள் படுக்கையோடு வைத்துப் பார்த்துக்கொண்ட தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சௌந்தரபாண்டியன் அண்ணாச்சியின் மானாவாரிக் காடு அது. ஆவணி முடியப் போகிறது, இன்னும் ஒரு சொட்டு விழவில்லை. வைகாசியிலிருந்து காய்ந்த கரிசல் பாளம்பாளமாகப் பிளந்து, சில வெடிப்பில் விரல் நுழையும், சிலதில் தோள்வரைக்கும் கையே நுழையும் என்று கிடந்தது. காட்டின் நடுவில் அண்ணாச்சியை அடக்கம் செய்த மண்மேடு. கிரானைட் வந்தபிறகு கட்டிக்கொள்ளலாம் என்று மகன் ஹரி விட்டுவைத்திருந்தான். மேட்டின்மேல் மாலைகள் சருகாகி, காற்றடிக்கும்போதெல்லாம் ஒன்றோடொன்று உரசி யாரோ காகிதம் புரட்டுவதுபோல் சத்தம் போட்டன. தூரத்தில் காற்றாலைகள். தலைக்கு மேலே வெயில். வேறு ஓர் உயிர் இல்லை.

அடையாளத்துக்கு வைத்த வெள்ளைக்கல் வைத்த இடத்திலேயே இருந்தது. போன் விளக்கை அடித்து வெடிப்புக்குள் பார்த்தாள். அன்றைக்குப் போட்டபோது ‘டொப்’பென்று உடனே சத்தம் கேட்டது, ஒரு கை ஆழம்தான் இருக்கும். இப்போது அந்த ஆழத்தில் மண் இருந்தது. வாட்ச் இல்லை.

மணிச்சத்தம் வந்தது இந்த வெடிப்பிலிருந்தும் இல்லை. நாலு எட்டு தள்ளி. மேட்டுப் பக்கமாக.

போன் அடித்தது. ஹரி.

“எங்க இருக்கீங்க?”

“வெளிய வந்திருக்கேன்ங்க.”

“ரெண்டு மணி வரைக்கும்தான் டைம். வாட்ச் வந்துட்டா நான் எதுவும் கேக்க மாட்டேன். வரலன்னா எஃப்.ஐ.ஆர். உங்க தம்பி ஃப்ளைட் ஏற வேண்டாம், பாளையங்கோட்டை ஜெயிலுக்கு வண்டி ஏறட்டும்.”

“அவன் எடுக்கலங்க.”

“அப்பாவைக் குளிப்பாட்டத் தூக்கிட்டுப் போனது அவன். தூக்கும்போது கையில இருந்த வாட்ச், குளிப்பாட்டும்போது இல்ல. வேற யாரு, பேயா எடுத்துச்சு?”

தூக்குவதற்கு முன்னாலேயே அது இல்லை. வெறும் மணிக்கட்டு தெரியாதபடி முத்துச்செல்வி அவர் சட்டைக்கையை இழுத்துவிட்டிருந்தாள்.

“அவன்ட்ட ஒரு வார்த்தை குடுங்க.”

கொஞ்சநேரம் போலீஸ் ஸ்டேஷன் இரைச்சல். பிறகு சுடலைக்குமாரின் குரல், அழுது அடங்கிய மூக்கோடு.

“அக்கா, நாளான்னிக்கு ஃப்ளைட்டு. பாஸ்போர்ட்ட மேசைக்குள்ள வச்சுப் பூட்டிட்டாவ.”

“சாப்பிட்டியாடே?”

“டீ குடுத்தாவ. நான் அதக் கண்ணாலகூட சரியாப் பாத்ததில்லக்கா. நீயாவது சொல்லேன் அவியகிட்ட.”

“பயப்படாத. ரெண்டு மணிக்குள்ள கொண்டு வாரேன்.”

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் நின்றது.

“என்னத்தக்கா கொண்டு வார?”

அவள் பக்கத்தில் கிடந்த ஒரு கம்பை எடுத்தாள்.

“அக்கா… நீயா?”

போனை யாரோ வாங்கிவிட்டார்கள். கட்டானது.

முத்துச்செல்வி எழுந்து, அடுத்த வெடிப்புக்குப் போனாள். அதற்கடுத்ததுக்கு. கம்பை விட்டுக் கிளறினாள், விளக்கை அடித்தாள். மண். வேர். காய்ந்த நண்டுக் கூடு ஒன்று. ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அண்ணாச்சியின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையின் பக்கங்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். உலகத்திலேயே விலை கூடிய பொருள்கள். தங்கத்தகடு பதித்த கப்பல், கோழிமுட்டை அளவு வைரம், முதலைத்தோல் பை, கையால் தைத்த குதிரைமுடி மெத்தை. வாங்கியதற்கெல்லாம் சிவப்பு மையில் ஒரு டிக். “கப்பல் மட்டும் வேண்டாம்ட்டி. கோவில்பட்டியில கடலுக்கு எங்க போறது?” என்று, முதல் தடவை பக்கவாதம் அடித்ததில் கோணிப்போன வாயால் சிரிப்பார். ஒரே பளிங்கில் குடைந்த குளியல்தொட்டி வந்தது. அதை நிரப்பத் தண்ணீர் லாரி வந்தது. குதிரைமுடி மெத்தை வந்தது. அதில் படுத்துத்தான் அவருக்கு முதுகெல்லாம் புண் வந்தது. புண்ணுக்குக் களிம்பு போடும்போது முனகக்கூட மாட்டார். இடது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

உலகத்தில் மொத்தம் ஏழுதான் செய்தார்களாம், அந்த வாட்சை. ஏழில் ஒன்று கோவில்பட்டியில்.

இடது கை விளங்காமல் போயிருந்தது. ஆனால் வலது கைக்கு மாற்றிக் கட்ட விடமாட்டார். அதனால் காலையும் மாலையும் முத்துச்செல்வி அந்தக் கையைப் பிடித்து ஆட்டவேண்டும். பெருவிரல் மேலே, நாலு விரல் கீழே, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் உள்தள்ளிப் பிடி. முப்பது ஆட்டு. அவரே எண்ணுவார். கொஞ்சம் ஓய்வு. மறுபடி முப்பது.

“நிறுத்திராதட்டி. இது நின்னா நானும் நின்னுருவேன்.”

“ஏ தாயி!”

தூக்கிவாரிப் போட்டது. ஆடு மேய்க்கிற மந்திரமூர்த்தி, தோளில் தொரட்டியோடு வண்டித்தடத்தில் நின்றிருந்தார்.

“இந்த வெயில்ல இங்கன என்ன தேடுத? மொதலாளிக்கு மாத்திரை குடுக்க நேரமாயிட்டாக்கும்?”

“கம்மல் விழுந்துட்டு, அண்ணாச்சி. பால் தெளிக்க வந்த அன்னைக்கு.”

“பதினாறுக்கு வந்து தேடுதியாக்கும். நல்ல கம்மல்தான்.” சிரித்தவர் மேற்கே பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “காத்தாடி எல்லாம் நின்னுட்டு, பாத்தியா. மழை வருது. வெடிப்புக்குள்ள கையக் கிய்ய விட்டுராத. கரிசல் ஈரம்பட்டா ஊதிக்கிடும். போன வருசம் ஒரு குட்டி கால விட்டு மாட்டிக்கிட்டு, மம்பட்டி வச்சுத் தோண்டில்லா எடுத்தேன். கால் வரல, கேட்டியா. குட்டிதான் வந்துச்சு.”

அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். கழுத்துமணிச் சத்தம் வேலிக்கருவைக்குள் தேய்ந்து, அப்புறம் இல்லாமல் போனது. மேற்கே பார்த்தாள். அத்தனை காற்றாலைகளும் கையை விரித்தபடி அசையாமல் நின்றன. அவற்றுக்குப் பின்னால் வானம் நீலமாக இல்லை.

டிங்.

ஒரே ஒரு அடி. பதினொன்றரை.

இன்னும் கிட்டத்தில். மேட்டை ஒட்டி.

திரும்பிப் போய்விடலாம். போய் ஹரியின் காலில் விழுந்து, நான்தான் எடுத்தேன், என்னை உள்ளே தள்ளுங்கள், அவனை விட்டுவிடுங்கள் என்று சொல்லலாம். வாட்ச் எங்கே என்பான். மண்ணுக்குள் என்றால் நம்பமாட்டான். அக்காளும் தம்பியும் சேர்ந்து விற்றுவிட்டார்கள் என்பான். அன்றைக்குப் பால் தெளிக்க வந்த காரில் செம்பை ஏந்திக்கொண்டு இவளும் வந்தாள், வாட்ச் ரவிக்கைக்குள் இருந்தது. வீடு திரும்பியதும் எல்லோரையும் சோதிப்பேன் என்று ஹரி போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. ஒரு நிமிஷம்தான். குனிந்து, கல்லை எடுக்கிறவள் மாதிரி, போட்டுவிட்டாள். ஆற அமர வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றுதான்.

வாட்சின் வாரைத் திறந்துவிட்டுத்தான் போட்டாள். அது நன்றாக நினைவிருந்தது.

மேட்டைச் சுற்றி வெடிப்புகள் நாலு பக்கமிருந்தும் வந்து மண்மேட்டுக்கு அடியில் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. தலைமாட்டுப் பக்கத்து வெடிப்பு எல்லாவற்றிலும் அகலம். அதன் முன் மண்டியிட்டாள். உள்ளிருந்து வெக்கை வரவில்லை. வாடை வந்தது. மண் வாடையில்லை.

களிம்பு. புண்ணுக்குப் போடுகிற மஞ்சள் களிம்பு.

மூன்று வருடத்தில் அவள் கேட்ட ஒரே லீவு, ஊரில் அம்மன் கொடைக்கு நாலு நாள். “அப்ப இத யாரு ஆட்டுவா?” என்றார். அவ்வளவுதான் பதில். அடுத்த வாரம் இரண்டாவது தடவை வாதம் அடித்து அவருக்குப் பேச்சு நின்றது. அன்று சாயங்காலம் கையைப் பிடிக்கப் போனவள், பிடிக்கவில்லை. இனி இவரால் யாரிடமும் சொல்ல முடியாது என்று தோன்றியது. மறுநாள் காலையிலும் பிடிக்கவில்லை. அவர் வாட்சைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், வாட்சைப் பார்ப்பார். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கும். அவள் துண்டால் துடைத்துவிடுவாள். நன்றாகத் துடைப்பாள். மூன்றாம் நாள் நாலு பத்துக்கு முள் நின்றது. நாலரைக்கு அவர். அப்போது அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்தது.

ஒன்று. இரண்டு. கைக்கெட்டுகிற தூரம். விளக்கைக் காட்டினாள். கீழே, கறுப்புக்குள், ஒரு பொட்டு மின்னியது. ஐந்து. ஆறு. போனை ஓரமாக வைத்துவிட்டுக் குப்புறப் படுத்தாள். இடது கையை விட்டாள். முழங்கை போயிற்று. தோள் போயிற்று. கன்னம் கரிசலில் அழுந்தியது. ஒன்பது. பத்து. விரல் நுனியில் கண்ணாடி பட்டது. வழவழப்பாக.

வெதுவெதுப்பாக.

பன்னிரண்டு.

சுடலை, வந்துட்டேன்டா. பிடித்து இழுத்தாள். வரவில்லை. வார் எதிலோ மாட்டியிருந்தது. தடவினாள். வார் திறந்திருக்கவில்லை. பூட்டியிருந்தது. எதையோ சுற்றிப் பூட்டியிருந்தது.

வேர். உடைமரத்து வேர்தான்.

உடைமரம் இந்தக் காட்டில் கிடையாது.

முதுகில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. கனமான, சூடான சொட்டு. பெருவிரலால் வாரின் ஊக்கைத் தேடினாள். ஆயிரம் தடவை கழற்றிய ஊக்கு, கண் வேண்டியதில்லை. கழன்றது. வாட்ச் உள்ளங்கையில் வந்து விழுந்தது, முழுசாக, கனமாக. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டுதான் ஆகிறது. ஓடினால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஒரு மணிக்கு ஸ்டேஷன். நாளை மறுநாள் தம்பி விமானத்தில்.

கையை இழுத்தாள்.

உள்ளங்கையிலிருந்து வாட்ச் நகர்ந்தது.

விழவில்லை. யாரோ எடுத்தார்கள். அவசரமில்லாமல். முதலைத்தோல் வார் அவள் மணிக்கட்டைச் சுற்றி வந்தது. ஊக்கு ஓட்டையைத் தேடியது. அண்ணாச்சியின் ஓட்டையைத் தாண்டி, அவள் ஒல்லிக் கைக்கு அளவான ஓட்டைக்குள் போய் உட்கார்ந்தது.

கத்தினாள். வாய்க்குள் மண் போயிற்று. வலது கையால் தரையை அறைந்தாள், பிறாண்டினாள். மழை கொட்ட ஆரம்பித்திருந்தது. வெடிப்பின் விளிம்பு கன்னத்துக்குக் கீழே மெத்தைபோல் மெதுமெதுப்பாகி, ஊதி, தோளை நெருங்கியது. சுற்றிலும் நூறு வெடிப்புகள் தண்ணீரைக் குடிக்கிற சத்தம்.

“மந்திரமூர்த்தி அண்ணாச்சி…”

ஆட்டுமணிச் சத்தம் இல்லை.

கீழே அவள் கையைப் பிடித்தார்கள். பெருவிரல் மேலே, நாலு விரல் கீழே, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் உள்தள்ளி. அவளுக்கு அந்தப் பிடி தெரியும். அது அவள் பிடி.

ஆட்டினார்கள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஓரமாக வைத்த போன் மழையில் நனைந்தபடி அதிர்ந்தது. தலையைத் திருப்ப முடிந்த அளவு திருப்பிப் பார்த்தாள். ‘சுடலை.’ திரையின்மேல் தண்ணீர் ஓடியது. பேர் கலைந்து, சேர்ந்து, கலைந்தது. வலது கைக்கு ஒரு சாண் தூரம். எட்டவில்லை. பதினாறு. பதினேழு. மண் தோளைக் கவ்வியது. கழுத்தைத் தொட்டது. போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

நின்றது.

மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள். விட்டுவிடுவார்கள். முப்பதுதானே. முப்பது முடிந்துவிட்டது.

கொஞ்சம் ஓய்வு.

ஒன்று.