பட்டு கவுன் போன வழி

காலையில் காவல் நிலையத்துக்குள் நுழைந்த தையற்காரிக்கு மூச்சு வாங்கியது. மாலையில் ஒப்படைக்க வேண்டிய பட்டு கவுனைக் கடையிலிருந்து யாரோ திருடிவிட்டார்கள், ஆனால் பூட்டு உடையவில்லை என்றாள். எதிர்க்கடையில் சாவி செய்யும் ஆள் ஒருகாலத்தில் சிறைக்குப் போனவன், அவனை விட்டால் வேறு யாரால் முடியும் என்றும் படபடவென்று கொட்டிவிட்டாள்.

அந்தத் தெருக்களையே வருஷக்கணக்காகச் சுற்றிவரும் ஏட்டு பதறவில்லை. கூட வந்த பெண் காவலர்தான் சாவிக்காரரை உடனே பிடித்து விசாரிக்கத் துடித்தாள். ஏட்டோ அவரிடம் சௌக்கியமா என்று கேட்டதோடு சரி, நேரே தையல் கடைக்குள் போனார். வாசலில் வேடிக்கை பார்த்தவர்களை நயமாகப் பேசி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கம்பி போட்ட ஜன்னல் விரியத் திறந்து கிடந்தது. ராத்திரி மழையில் கீழிருந்த துணியெல்லாம் நனைந்திருந்தது. நேற்று கடைசியாகக் கடையைப் பூட்டியது தான்தான் என்று, கடையில் கூடமாட வேலை பார்க்கும் நாத்தனார் தலை நிமிராமல் சொன்னாள். ஏட்டு இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். அடிப்பக்கம் பளபளத்தது.

“இதோட அடியை எப்பம்மா தேய்ச்சுக் கழுவினீங்க?”

“எனக்கு ஏதுங்க அதுக்கெல்லாம் நேரம்? கறுத்துப்போய்த்தான் கிடக்கும்” என்ற தையற்காரி, சொல்லி முடித்ததும் திகைத்தாள்.

ஏட்டு பெண் காவலரிடம் சொல்வதுபோல மெல்லப் பேசினார்.

“கதவு வழியா வந்தவனுக்கு ஜன்னலைத் திறக்க என்ன அவசியம்? உள்ளே புகை சூழ்ந்தா யாருமே திறப்பாங்க. பட்டு கருகி ஒட்டிக்கிட்டா, பெட்டியைத் தேய்ச்சுத்தான் ஆகணும். திருட வந்தவன் நம்ம வீட்டு வேலையைச் செஞ்சு வச்சுட்டுப் போகமாட்டான்.”

நாத்தனார் வெட்டுத்துணி மூட்டைக்குள் கைவிட்டுக் கவுனை எடுத்தாள். பின்பக்கம் கருகியிருந்தது.

“பயந்துட்டேன் அண்ணி” என்றாள்.

தையற்காரிக்குக் கோபம் பொங்கி வந்தது. அழுதழுது வீங்கிய அந்த முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. “மீதித் துணி இருக்கு, சாயங்காலத்துக்குள்ள மாத்திடலாம். ஊசியில நூலைக் கோத்துக் குடு” என்றாள்.

போலீஸ்காரர்கள் கிளம்பியதும் அவள் தயங்கித் தயங்கி எதிர்க்கடைக்குப் போனாள்.

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். “என்னக்கா, ஏட்டையா வந்தாரே. பூட்டு எதுவும் தொல்லை குடுக்குதா? கொண்டாங்க, பாத்துத் தரேன்.”

தான் சொன்ன பழி அந்தப் போலீஸ்காரர்களைத் தாண்டி ஒரு காதுக்கும் போகவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பியவள், தெருமுனையில் பழக்காரியோடு பேசிக்கொண்டிருந்த ஏட்டின் முதுகைப் பார்த்து மனசுக்குள் கும்பிட்டாள்.