பெயின்ட் மேல் ஒரு கிளிப்

"ஐயோ... முதலாளி!"

விமானம் நிறுத்தும் ஹேங்கருக்குள்ளிருந்து அலறல்!

குட்டி விமானத்தின் இறக்கையருகே மல்லாந்து கிடந்தார் விமானக் கம்பெனி முதலாளி. பெட்ரோல் டாங்க் மூடியைத் திறக்கப் போன வலது கை கருகியிருந்தது.

உயிர் இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்ததும், செத்தவரின் மனைவிக்கு அண்ணன், ஓரமாக நின்ற பெண்ணை நோக்கி விரலை நீட்டினார். கம்பெனியில் பாதிப் பங்கு அவருக்கு.

"இவதான் சார்! என்ஜினீயராம்! மேகத்துக்குள்ள பூந்து வந்த பிளேன்... உடம்பு பூரா கரன்ட்டு! இவ ஒழுங்கா கவனிக்கலே. எங்க மாப்பிள்ளை தொட்டாரு... போயிட்டாரு!"

என்ஜினீயர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை.

"என்னம்மா? லைசென்ஸும் போகும், நீயும் உள்ளே போவே."

"தப்பு பண்ணியிருந்தா போறேன் சார். இவர் வாய்க்காகப் போக மாட்டேன்."

"திமிரைப் பாருங்க!"

"இறக்கையோட பின் ஓரத்தைப் பாருங்க சார். குச்சி குச்சியா நீட்டிட்டிருக்கே... மேகத்துல உரசிச் சேர்ற கரன்ட்டை அது பறக்கும்போதே காத்துல விட்டுடும். மிச்சம் மீதி, இறங்கினதும் டயர் வழியா தரைக்குப் போயிடும். கரி கலந்த டயர், கரன்ட்டைக் கடத்தும்."

"போகலேன்னா?"

"அதுக்குத்தான் எர்த் ஒயர். கிளிப்பை மாட்டாம இங்கே எவனும் டாங்க்கைத் தொட மாட்டான்."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். "மாட்டித்தானே இருக்கு?"

"பெயின்ட் மேல! பெயின்ட்ல எர்த் ஏறாது சார். பக்கத்துலயே பெயின்ட் அடிக்காத கொக்கி இருக்கு பாருங்க. நாங்க அதுலதான் மாட்டுவோம். இது எங்க ஆளுங்க கை இல்லே."

மேலே தகரக் கூரை வெயிலில் முனகியது.

"கதை விடறா!" பங்குக்காரர் சீறினார். "அவ்வளவு தைரியம்னா நீ தொடு பார்ப்போம்!"

"தொடட்டுமா?"

"தொடுடி!"

இன்ஸ்பெக்டர் தடுப்பதற்குள் அவள் விறுவிறுவென நடந்தாள். டாங்க் மூடியில் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள்!

ஒன்றும் ஆகவில்லை.

பங்குக்காரர் வெளுத்துப் போனார். அவர் கண்கள் தாமாகவே ஓடின... மூலையில் அடுக்கியிருந்த டப்பாக்களுக்குப் பின்னால்... சுவரிலிருந்த பிளக் பாயின்ட்டுக்கு!

"பிளக்கைத் தேடறீங்களா? பிடுங்கிட்டேன்."

"என்ன பிளக்?" இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"சுவத்துலேர்ந்து பிளேனோட சக்கரத் தண்டுக்கு ஒரு ஒயர் ஓடுது சார். அந்தக் கரன்ட்டு எர்த்துல இறங்கிடக் கூடாதுன்னுதான் கிளிப் பெயின்ட் மேல. முதலாளி கிடந்ததைப் பார்த்ததுமே பிளக்கைப் பிடுங்கிட்டேன். யார் செருகினதுன்னுதான் இவ்வளவு நேரம் தெரியலே. இப்போ இவர் கண்ணே காட்டிக் குடுத்துடுச்சு." அவள் பங்குக்காரரைப் பார்த்தாள். "கம்பெனியை விக்க மாட்டேன்னு அவர் சொன்னதுக்காகத் தங்கச்சி புருஷனையே கொன்னீங்க. என்னையும் தொட வெச்சு மேலே அனுப்பிட்டா, பிளேன் மேலயே பழி போயிடும். அதானே?"

பங்குக்காரர் ஓடத் திரும்பினார். வாசலில் கான்ஸ்டபிளின் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றார்!

விலங்கு பூட்டிய இன்ஸ்பெக்டர் அவளை முறைத்தார்.

"தடயத்துல கை வெச்சிருக்கே. பெரிய தப்பும்மா."

"தப்புதான் சார். அப்படியே விட்டிருந்தா கேஸ் இன்னும் பலமா இருந்திருக்கும்... என்ன, சாட்சி சொல்லத்தான் நான் இருந்திருக்க மாட்டேன்!"