பானெட்டில் இல்லாத குருவி

"குருவி எங்க, லோரெய்ன்?" என்று கேட்டார் நடுவர் வான்ஹூர்ன்.

"முன்னால, ரெண்டு விளக்குக்கு நடுவுல கிரில்லுல உக்காந்திருக்கே," என்றாள் டெஸ்ஸாவின் அம்மா.

"அங்க இருக்கக் கூடாதே. இது 57ஆம் வருஷத்து வண்டி. 57ல குருவி பானெட் மேல இருக்கணும். கிரில்லுல இருந்தா அது 58."

அவர் கையில் கார் சங்கத்தின் நீலப் புத்தகம் இருந்தது. டென்பி ஸ்பாரோ கார்களில் எந்த வருடம் எது மாறியது என்பதெல்லாம் அதில் அச்சாகியிருந்தது. பின்விளக்கு, கதவுக் கைப்பிடி, சீட்டுத் துணி, ஸ்பாரோ என்ற பெயருக்கேற்ற உள்ளங்கை அளவு வெள்ளிக் குருவிச் சின்னம், எதுவும் விட்டுப்போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை க்ரோவ்லண்ட் கண்காட்சித் திடலில் நாற்பது ஸ்பாரோ கார்கள் வரிசையாக நின்றன. மிச்சிகன் முழுவதிலும் இருந்து வந்தவை. அவற்றில் பச்சை நிறக் கார்தான் அம்மாவுடையது. ஒரு கோழிக் கொட்டகையில் முட்டைகளோடு கிடந்த காரை அம்மா ஐந்து குளிர்காலம் பாடுபட்டுச் சரிசெய்திருந்தாள். வார நாட்களில் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்ப்பது அவள் வேலை. இந்தக் காருக்கு 'அசல்' என்ற அட்டை கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

"உங்க பானெட்டுல குருவிக்குத் துளைகூட இல்ல," என்றார் நடுவர். "யாரோ 58 வண்டியோட பானெட்டைக் கழட்டி இதுல மாட்டியிருக்காங்க. அசல் வரிசையில நிக்க முடியாது. அந்தப் பக்கம் கொண்டு போங்க."

அந்தப் பக்கம் 'மாற்றிய வண்டிகள்' வரிசை இருந்தது. ஒரு கார் முழுக்க நெருப்பு வரைந்திருந்தார்கள். இன்னொன்றில் பின்சீட்டுக்குப் பதிலாகக் குளியல் தொட்டி இருந்தது.

அம்மாவின் முகம் சிவந்தது. "அந்தத் தொட்டிக்குப் பக்கத்துலயா?"

வான்ஹூர்ன் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மூணு மணிக்குத்தான் முடிவு வாசிப்பாங்க. பழைய பார்ட்ஸ் விக்கிற இடத்துல 57 குருவி கிடைக்கும். ரெண்டு துளை போட்டு மாட்டிடுங்க. நான் மறுபடி வந்து பாக்கறேன். நிறைய பேர் அப்படித்தான் பண்ணியிருக்காங்க."

அவர் போனதும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "யார்கிட்டயாவது டிரில்லிங் மெஷின் இருக்கும்."

காரின் மறுபக்கம் நின்றிருந்த டெஸ்ஸா மெல்லச் சொன்னாள். "அம்மா, துளை போட வேணாம்."

"ஏன்?"

"போட்டுட்டா திரும்ப அடைக்க முடியாது."

"புத்தகத்துல இருக்கு, டெஸ். நான் என்ன பண்ண முடியும்? தம்பி ஆட்டோவைப் பாத்துக்கோ." அம்மா கூட்டத்துக்குள் நடந்தாள்.

டெஸ்ஸாவுக்குப் பதினோரு வயது. தம்பி ஆட்டோவுக்கு ஆறு. அவன் சோளமாவில் பொரித்த சாசேஜைக் கடித்துக்கொண்டே கேட்டான். "நம்ம வண்டி போலி வண்டியா?"

"இல்ல."

"அந்தத் தாத்தா சொன்னாரே."

"போன மார்ச்ல ஸ்கூல்ல பால் டப்பா நிறம் மாறிச்சே, ஞாபகம் இருக்கா?"

"சிவப்பா இருந்துச்சு. அப்புறம் நீலம். சிவப்புதான் நல்லா இருந்துச்சு."

"வருஷம் முடியட்டும்னு அவங்க காத்துட்டா இருந்தாங்க? நடுவுலயே மாத்திட்டாங்க. கார் கம்பெனியும் அப்படிப் பண்ணியிருந்தா?"

சொல்லி முடிப்பதற்குள் டெஸ்ஸா பச்சைப் பானெட்டைத் தூக்கினாள். பானெட்டுக்குள் ஒவ்வொரு காருக்கும் ஒரு பித்தளைத் தகடு உண்டு. அதில் அந்த வருடத்தின் எத்தனையாவது கார் என்ற எண் இருக்கும். அம்மாவின் கார் 18406. அப்படியென்றால் வருடத்தின் கடைசிப் பகுதியில் செய்தது. மற்ற 57ஆம் வருடக் கார்களின் எண்களையும் பார்த்தால், எந்த எண்ணில் குருவி இடம் மாறியது என்று தெரிந்துவிடும்.

ஆனால் அதற்கு ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க வேண்டும். முன்பின் தெரியாதவர்களைப் பார்த்தால் டெஸ்ஸாவுக்குப் பேச்சே வராது. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன்' சொல்வதற்கே அவள் மூச்சைச் சேர்த்து வைத்துக்கொள்வாள்.

பையிலிருந்து நோட்டை எடுத்தாள். ஒரு பக்கத்தில் பெரிய எழுத்துகளில் எழுதினாள்: 'உங்கள் பானெட்டைத் திறந்து காட்டுவீர்களா?'

57ஆம் வருடத்து முதல் காருக்கு முன்னால் மடக்கு நாற்காலியில் ஒரு குண்டு மனிதர் உட்கார்ந்திருந்தார். டெஸ்ஸா நோட்டை நீட்டினாள். அவர் படித்தார். துள்ளி எழுந்தார்.

"இதை யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் காலையில இருந்து உக்காந்திருக்கேன்," என்றார். "பொறு, துணியால துடைச்சுட்டுத் திறக்கறேன்."

தகட்டு எண் 4120. பானெட் மேல் குருவி. டெஸ்ஸா எழுதிக்கொண்டாள்.

அடுத்தது 9377. குருவி பானெட்டில். அடுத்தது 16880. குருவி பானெட்டில். அவள் ஓடினாள். ஆட்டோ பின்னாலேயே ஓடினான்.

நான்காவது கார் 17015. பானெட் மேல் குருவி. ஐந்தாவது கார் 18950. அதிலும் குருவி பானெட் மேல்தான்.

டெஸ்ஸா அப்படியே நின்றுவிட்டாள். அம்மாவின் காருக்குப் பிறகு செய்த கார் இது. இதிலும் குருவி பானெட்டில் இருந்தால், தான் நினைத்தது தப்பு. நடுவர் சொன்னதுதான் சரி.

"என்னம்மா, வண்டி பிடிக்கலையா?" என்று கேட்டாள் அதன் சொந்தக்காரி. நீளமான பின்னல் போட்ட பெண்.

அப்படியில்லை என்று டெஸ்ஸா தலையை ஆட்டினாள். பானெட்டின் அடிப்பக்கத்தை நிமிர்ந்து பார்த்தாள். குருவியின் இரண்டு திருகாணிகள் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று கொஞ்சம் கோணலாக இருந்தது. துளையைச் சுற்றி வண்ணம் பெயர்ந்து துருவின் வளையம் தெரிந்தது.

முதல் காரில் இப்படி இல்லையே. அங்கே இரண்டு துளையைச் சுற்றியும் தகட்டை அழுத்தி, ஒரு சின்னக் கிண்ணம்போல வளைத்திருந்தார்கள். உள்ளே வரைக்கும் வண்ணம் பூசியிருந்தது.

டெஸ்ஸா இப்போது நோட்டை நீட்டவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அவ்வளவு அவசரமாக வெளியே வந்தது. "இந்தத் துளையை யார் போட்டாங்க?"

"எங்க வீட்டுக்காரர்தான். கோணல் பாரு, அவரேதான்," பின்னல்காரி சிரித்தாள். "சங்கத்து நடுவர் பானெட்டுல குருவி இல்லன்னு சொன்னாரு. சமையலறை மேஜை மேல வச்சுத் துளை போட்டாரு. மேஜையிலயும் ரெண்டு துளை இருக்கு."

"அதுக்கு முன்னாடி குருவி எங்க இருந்துச்சு?"

"கிரில்லுல."

டெஸ்ஸா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஓடினாள். 17015க்குத் திரும்பிப் போய் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். கிண்ணம் இல்லை, துரு வளையம். வரிசையில் மிச்சமிருந்த 57ஆம் வருடக் கார்களையும் பார்த்தாள். சிறிய எண்களில் எல்லாம் கிண்ணம், தொழிற்சாலையில் போட்ட துளை. பெரிய எண்கள் ஐந்திலும் துரு, பிறகு யாரோ போட்ட துளை. நோட்டில் இரண்டு பக்கங்கள் நிறைந்தன.

"டெஸ், அங்க பாரு," என்றான் ஆட்டோ. "அம்மா வயர் இழுக்கறாங்க."

எலுமிச்சைச் சாறு விற்கும் கடையிலிருந்து நீண்ட மஞ்சள் வயர் புல்லில் பாம்புபோலப் போனது. அதன் மறுமுனையில் அம்மா நின்றாள். பச்சைப் பானெட்டின் மேல் பென்சிலால் இரண்டு பெருக்கல் குறி போட்டிருந்தாள். அவள் கையில் டிரில்லிங் மெஷின் இருந்தது.

"அம்மா, நிறுத்து!"

திடலே திரும்பிப் பார்த்தது. தன் மகளின் குரல் இவ்வளவு தூரம் கேட்கும் என்று அம்மாவுக்கே தெரியாது. மெஷினைக் கீழே இறக்கினாள்.

டெஸ்ஸா மூச்சு வாங்க நோட்டை நீட்டினாள். அம்மா படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிக்கும்போது வான்ஹூர்ன் வந்துவிட்டார்.

"இன்னும் மாட்டலையா?"

"மாட்டப் போறதில்ல," என்றாள் அம்மா. "இவ சொல்றதைக் கேளுங்க."

டெஸ்ஸா சொன்னாள். நடுவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பாப்பா, அந்த வண்டிங்க எல்லாம் எங்கயாவது மோதியிருக்கும். அப்போ 58 பானெட் வாங்கிப் போட்டிருப்பாங்க."

"அஞ்சு வண்டியுமா? பெரிய நம்பர் வண்டிங்க மட்டும் எல்லாம் மோதிச்சா? சின்ன நம்பர்ல ஒண்ணுகூட மோதலையா?"

பக்கத்தில் நின்ற குண்டு மனிதர் களுக்கென்று சிரித்தார். "பதில் சொல்லுங்க வான்ஹூர்ன்."

நடுவர் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"உங்க வண்டியும் 57தானே?" என்றாள் டெஸ்ஸா. "அதோட அடிப்பக்கத்தைப் பாக்கலாமா?"

"தாராளமா. மிச்சிகன்லயே புத்தகப்படி இருக்கிற வண்டி அதுதான்."

அவருடைய வெள்ளைக் காரை நோக்கி ஒரு சின்ன ஊர்வலமே போனது. பானெட் திறந்தது. தகட்டு எண் 19233. வான்ஹூர்ன் தன் டார்ச்சை மேலே திருப்பினார்.

இரண்டு துளைகள். கிண்ணம் இல்லை. துரு வளையம் மட்டும்.

அவர் ஒரு துளையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது நான் போட்டது," என்றார். "74ல. அப்போ இருந்த நடுவர் சொன்னாரு."

"கிரில்லுல குருவி இருந்துச்சா?"

"இருந்துச்சு. கழட்டிட்டு, அந்த இடத்தைத் தகரம் வச்சு மூடினேன். மூடின இடம் யாருக்கும் தெரியாது. அவ்வளவு நல்லா பண்ணினேன்." அவர் விரல்விட்டு எதையோ எண்ணத் தொடங்கினார். "பதினஞ்சு வருஷமா நானும் மத்தவங்களை..." பாதியில் எண்ணுவதை நிறுத்திக்கொண்டார். "புத்தகத்தைப் பாத்து வண்டியைத் திருத்தியிருக்கேன். வண்டியைப் பாத்துப் புத்தகத்தைத் திருத்தவே இல்ல."

அவருடைய காதுகூடச் சிவந்துபோயிருந்தது. டெஸ்ஸாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"உங்க துளைதான் எல்லாத்துலயும் நேரா இருக்கு," என்றாள்.

வான்ஹூர்ன் அவளைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். நீலப் புத்தகத்தைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சொல்லு. என்ன எழுதட்டும்?"

"பென்சில்ல எழுதுங்க. 16880 வரைக்கும் பானெட். 17015ல இருந்து கிரில். நடுவுல இருக்கிற நம்பர்ல நான் இன்னும் ஒரு வண்டிகூடப் பாக்கல."

"ஏன் மாத்தினாங்களாம்?" என்று கேட்டாள் பின்னல்காரி.

"தெரியாது," என்றாள் டெஸ்ஸா.

வான்ஹூர்ன் பேனாவைப் பையில் வைத்தார். யாரிடமோ பென்சில் வாங்கி எழுதினார். அப்புறம் பச்சைக் காருக்கு நடந்து போய், பானெட்டில் அம்மா போட்டிருந்த பென்சில் குறிகளைத் தன் கைக்குட்டையால் தானே துடைத்தார். 'அசல்' அட்டையைக் கண்ணாடித் துடைப்பானின் அடியில் செருகினார். அம்மா டெஸ்ஸாவின் தோளைச் சுற்றிக் கை போட்டு இறுக்கிக்கொண்டாள்.

ஒலிபெருக்கி விஷயத்தைத் திடல் முழுக்கச் சொல்லிவிட்டது. துளை போடாத, கடைசிப் பகுதி 57 ஸ்பாரோ இங்கே இது ஒன்றுதானாம். நாற்பது கார்க்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். நெருப்புக் கார்க்காரர் வந்தார். குளியல் தொட்டிக்காரரும் வந்தார். ஒவ்வொருவராகக் குனிந்து, பச்சைப் பானெட்டின் நடுவில் ஒன்றுமே இல்லாத அந்த இடத்தை உற்றுப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, இன்னொரு தடவை பார்க்க வரிசையின் கடைசிக்குப் போனார்கள்.