மயில் தோகையில் ஒரு கொடி

பேத்தமங்களா ஏரிக்கரையில் கிடைத்த வெள்ளிப் பதக்கத்தைப் பார்வதம்மா ஏனோக்கின் மேசைமேல் வைத்தாள்.

"எங்க அக்கா சரோஜாவோடதுங்க ஐயா. அஞ்சு வருஷம் முன்னாடி கல்யாணத்துல மாமா போட்டது. ஆடிக் கிருத்திகை அன்னிக்கு அக்கா காணாமப் போச்சு. மூணாம் நாள் மாமாதான் இதைக் கண்டெடுத்தாரு. மயிலைப் பாத்ததும் அக்காவோடதுன்னு தெரிஞ்சிச்சு. உடம்பு மட்டும் கெடைக்கவேயில்ல."

"நாப்பது நாள் ஆயிடுச்சே. இப்ப இன்னா அவசரம்?" என்றார் ஏனோக். சுரங்கக் காவல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"வெள்ளிக்கிழமை மாமாவுக்கே என்னைக் கட்டி வைக்கிறாங்க. கொழந்தைய யாரு பாக்கறதுன்னு அம்மா அழுவுது. எனக்கு மனசு ஒப்பல."

பக்கத்து வீட்டு நர்ஸ் ஐடா ஆவலோடு பதக்கத்தைக் கையில் எடுத்தாள். புடைத்து நிற்கும் மயில். தோகையின் குறுக்கே ஒரு பூங்கொடி. கொடியின் நுனிக்கு அப்பால், விளிம்புவரை மயிரிழை போல ஒரு மேடு ஓடியது.

"மயில் அச்சுல அடிச்சது, கொடி கையால தட்டினது" என்றார் ஏனோக். "அச்சு விரிசல் விட்டிருக்கு. அந்தக் கோட்டை மறைக்கத்தான் கொடி."

"அதுல இன்னா இருக்கு அண்ணே?" என்றாள் ஐடா.

"எப்ப விரிசல் விட்டதுன்னு கேக்கணும்."

தூறலில் நனைந்தபடி இருவரும் ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவுக்குப் போனார்கள். அந்தக் கல்யாணப் பதக்கத்தைச் செய்த பொற்கொல்லர் துளசிராமன் பித்தளை அச்சை எடுத்துக் காட்டினார்.

"இந்தப் பொங்கலுக்குத்தான் விரிஞ்சிச்சு. அதுக்கப்புறம் தகட்டை அச்சுல அடிச்சதும், அரக்குல பதிச்சு, பின்னாலேர்ந்து உளியால கொடி தட்டுறேன். முன்னாடி செஞ்ச எதுலயும் கொடி கெடையாது."

"கொடி வச்சது எத்தனை வித்தீங்க?"

"ஒண்ணே ஒண்ணு. ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் ஒருத்தர் வந்து, கொடி இல்லாததா வேணும்னாரு. இல்லைன்னதும் இதையே வாங்கினு போனாரு. ஆளைப் பாத்தா சொல்லிடுவேன்."

மறுநாள் காலை நந்திதுர்க் சுரங்கக் குடியிருப்பில் பார்வதம்மாவின் வீட்டுக்கு ஏனோக், ஐடாவோடு துளசிராமனையும் ஒரு கான்ஸ்டபிளையும் அழைத்துப் போனார். சரோஜாவின் கணவன் காத்தவராயன் மகளை மடியில் வைத்திருந்தான். துளசிராமன் வாசலிலேயே நின்று, "இவருதான்" என்றார்.



"கல்யாணப் பதக்கத்துல கொடி இருந்திருக்க முடியாது" என்றார் ஏனோக் அமைதியாக. "பழசு உன் கையில இருந்தா புதுசு எதுக்கு? அது அவ கழுத்துலயே இருக்கு, நீ எடுக்க முடியாத எடத்துல. எல்லாரையும் ஏரியில தேட வைக்கத்தான் இதை அங்க போட்ட. அவ எங்க?"

காத்தவராயன் சொன்னான்: "பழைய சுரங்க ஷாஃப்ட்ல, அந்த ஆழக் குழியில. அதோட வேலியாண்ட சண்டை வந்துச்சு... தள்ளிட்டேன்."

பார்வதம்மாவின் அம்மா சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஐடா ஓடிப்போய் அவளைத் தாங்கினாள். கண்டுபிடித்த சந்தோஷம் என்று எதுவும் ஐடாவின் மனதில் எழவில்லை.

கான்ஸ்டபிள் அவன் தோளைத் தொட்டார். குழந்தை அப்பாவின் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டு, "நானும் வர்றேன்" என்று வீறிட்டது. யாரும் அசையவில்லை. பார்வதம்மாதான் முன்னால் வந்து, அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.