இருபத்து நான்கு செய்திகள்

காலை ஆறு மணிக்கு வீட்டிலுள்ள சாமான்களெல்லாம் ஆஜர் சொல்லும். குழாய், அடுப்பு, வாசல் கதவு, குளிர்பெட்டி என்று, வீட்டை நடத்தும் கணினியான மனைமையம் ஒவ்வொன்றாகக் கூப்பிட, ஒவ்வொன்றும் சிறு மணியடித்துப் பதில் தரும். பதினேழாவதாகத் தருணின் முறை. "உள்ளேன் ஐயா" என்பான், கட்டிலில் கிடந்தபடி. ஒன்பது வருஷமாக இதே கேலி. இலக்கியாவும் மனைவிக்குரிய கடமையாக ஒன்பது வருஷம் சிரித்திருக்கிறாள். அன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தருணுக்கு இமைகூட அசையாது. பக்கவாதம் விட்டுவைத்தது காதையும் மூளையையும் மட்டுந்தான். அவன் நினைக்கும் சொற்களை, பிடரிக்குள் பதித்த ஒரு சில்லு மனைமையத்துக்கு அனுப்பும். மனைமையம் அவற்றை அவனுடைய பழைய குரலிலேயே பேசும். சாதனங்கள் ஒன்றோடொன்று பேசும் மொழிக்குச் செய்திநெறி என்று பெயர்; அந்தச் சில்லுக்குத் தெரிந்தது மூன்றாம் செய்திநெறி மட்டும். இன்று நண்பகலோடு அதற்கு ஆதரவு கிடையாது, இனி ஐந்தாம் நெறிதான் என்று உத்தரவு. சில்லை மாற்ற மறுபடி கத்தி வைத்தால் பிழைக்க மாட்டான் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். மாறாத வீட்டுக்குள் பழைய நெறியிலேயே பேசிக்கொள்ளலாம், ஆனால் அந்த வீட்டுக்கு ஓசூரில் லிஃப்ட் நிற்காது, குழாய் திறக்காது. அவர்கள் இருந்தது முப்பத்தொன்றாவது மாடி.

இரண்டு மாதமாக இலக்கியா ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. விலக்கு கேட்டாள், அழுதாள், ஓர் அதிகாரியிடம் கத்தியும் பார்த்தாள். கடைசியில் கிடைத்தது ஒரு பாலம். பழைய நெறியைப் புதியதாக மாற்றித் தரும் தீப்பெட்டியளவு கருவி. குடியிருப்பின் தொழில்நுட்பர் ரோஸ்லின் பதினொரு மணிக்கு அதைப் பொருத்த வந்தாள்.

"மேடம், இதுல இருபத்திநாலு விதச் செய்திதான் போகும். அதுவும் நிமிஷத்துக்கு ஒண்ணு. என்னென்னன்னு எழுதிக் குடுங்க. பூட்டிட்டா அப்புறம் மாத்த முடியாது."

"ஒரு மனுஷனுக்கு இருபத்திநாலா?"

"இது சாதனங்களுக்குன்னு செஞ்சது மேடம். ஃபேனுக்கெல்லாம் நாலே போதும்." சொன்ன பிறகு ரோஸ்லின் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இலக்கியா மேசை முன் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். குடிக்கத் தண்ணீர் வேண்டும். முதுகு வலிக்கிறது. திருப்பிப் படுக்க வைக்கவும். போர்வை வேண்டும். விளக்கைப் போடவும். மூச்சு முட்டுகிறது. ஒன்று விட்டுப்போனாலும் அவன் உயிருக்கே ஆபத்து என்ற பயத்தில் எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

"இலக்கி" என்றான் தருண்.

"இருடா, எழுதிட்டு இருக்கேன்."

"கொஞ்சம் நிறுத்து. ஒண்ணு சொல்லணும்."

"முடிச்சிட்டு வரேன். சளி கட்டினா என்ன சொல்லுவே? பாரு, அதை எழுதவே இல்ல நான்."

"இலக்கி, கேளேன்."

"அஞ்சு நிமிஷம் சும்மா இருக்கியா? உனக்காகத்தானே நாயா அலையறேன்!"

அவன் சும்மா இருந்தான்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குப் பட்டியல் முடிந்தது. இலக்கியா கைரேகை வைத்தாள், ரோஸ்லின் பூட்டிவிட்டுப் போனாள். பூட்டிய நொடியே பாலம் வேலை செய்யத் தொடங்கிவிடும் என்று அவள் சொல்லித்தான் இருந்தாள். அந்தப் பதற்றத்தில் இலக்கியாவின் காதில் அது ஏறவில்லை. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கிறது என்று நம்பி, கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுடா."

"குடிக்கத் தண்ணீர் வேண்டும்" என்றது, ரயில் நிலைய அறிவிப்பு போன்ற ஒரு பெண்குரல்.

அவனுடைய குரல் போய்விட்டது; பாலம்தான் பேசியது. அவள் ஓடிப்போய், அவன் வயிற்றுக்குப் போகும் குழாய் வழியே தண்ணீர் கொடுத்தாள். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் தண்ணீர். கொடுத்தாள். மறுபடியும் தண்ணீர்.

"நீ கேக்கறது தண்ணி இல்லையா? வேற எதாவதா?"

அதற்கு அவன் என்ன சொல்வான்? பட்டியலில் 'ஆமாம்' கிடையாது, 'வேண்டாம்' கிடையாது, 'இலக்கி' என்ற பெயர்கூடக் கிடையாது. இரண்டு மாதம் அலைந்து, ஒரு நோயாளியின் தேவைகளைத்தான் அவள் காப்பாற்றியிருந்தாள். அவன் காதருகே குனிந்தாள்.

"ஆமான்னா விளக்கு. இல்லைன்னா போர்வை. புரியுதா?"

"விளக்கைப் போடவும்." மனைமையம் உச்சி வெயிலில் விளக்கைப் போட்டது.

"அப்போ கூப்பிட்டியே, பயமா இருந்துச்சா?"

"போர்வை வேண்டும்."

"நான் எதையாவது எழுத மறந்துட்டேனா?"

"போர்வை வேண்டும்."

கேட்கப் பயந்த கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. பன்னிரண்டு அடித்து வெகுநேரம் கழித்துத்தான் அது அவள் வாயில் வந்தது.

"வீட்டை அடைச்சா அடைக்கட்டும், தண்ணியப் படியேறித் தூக்கிக்கலாம், நம்ம பேச்சு இருக்கட்டும்... கைரேகை வைக்காதேன்னு சொல்ல வந்தியாடா?"



"விளக்கைப் போடவும்."

"விளக்கு ஏற்கனவே எரிகிறது" என்றது மனைமையம்.

இலக்கியா கட்டில் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"போர்வை வேண்டும்" என்றது குரல்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழாதே என்கிறானா, குளிர்கிறதா என்று தெரியவில்லை. எழுந்து போர்வையை எடுத்துவந்து கழுத்துவரை போர்த்திவிட்டாள்.