இறக்காத டேங்க்

"பம்பை மாத்தியாச்சுன்னு சொன்னீங்கல்ல..."

"மாத்தினேன் அண்ணி, நான் என்ன பொய்யா..."

"கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவியாச்சு, பாயின்ட் புதுசு, பில்டர் புதுசு. அப்புறமும் நிக்குதே தம்பி! ஊரே உங்களை டாக்டர்னு கூப்பிடுது. உங்க பேஷன்ட் மட்டும் தினமும் நடுரோட்டுல மயங்கி விழுது."

"அறுபது வருஷத்து வண்டி. அதுக்கும் மூச்சு வாங்காதா?"

"வாங்கட்டும். எங்க வேணா வாங்கட்டும். ஏன் அந்த வளைவுலயே வாங்குது?"

மெக்கானிக் ஏற்கெனவே துடைத்த கையை மறுபடி துடைத்தான். ஷெட்டுக்கு வெளியே அந்தப் பழைய வேன் நின்றுகொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குள் ஓட்டல்களுக்குப் போக வேண்டிய வெள்ளை விரிப்புகள் மூட்டை மூட்டையாக இருந்தன. அண்ணன் நடத்திய லாண்டரி, இப்போது அண்ணி நடத்துகிறாள். அவன் இறந்த பிறகுதான் வண்டி ஓட்டவே கற்றுக்கொண்டாள்.

"டேங்க்கை மட்டும் நீங்க இன்னும் இறக்கலை" என்றாள்.

"போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. கை வெச்சா உடைஞ்சிரும்."

"பதினோரு மாசமா இதே பாட்டு. ஏறுங்க. வந்து உங்க கண்ணாலேயே பாருங்க."

ஏறினான். வேறு என்ன செய்வது?

மலைச்சாலையில் வேன் சீராகத்தான் ஏறியது. மாலை நான்கு மணிக்கே பனி இறங்கிவிட்டிருந்தது. சோப்பு வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து தொண்டையில் ஒட்டின. அவன் காது இன்ஜினைக் கேட்டது. மனசு வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அண்ணன் இறந்த நாளின் காலையை அவன் மறந்தவனில்லை. சர்வீசுக்கு வந்த வேனின் டேங்க் மூடி ஷெட்டுக்குள் எங்கோ உருண்டு காணாமல் போனது. வெளியே ஓட்டிப் பார்க்க வேண்டும். மூட்டையிலிருந்து கிழிந்த தலையணை உறை ஒன்றை எடுத்து, பாதியாகக் கிழித்து, சுருட்டி டேங்க் வாயில் திணித்தான். போய் வந்து புது மூடியைப் போடும்போது துணி அங்கே இல்லை. வழியில் விழுந்திருக்கும் என்று நினைத்தான். நினைத்தான் என்பதைவிட, நினைத்துக்கொள்ள முடிவு செய்தான். அதற்குள் அண்ணன் வந்து நின்றான்.

"முடிஞ்சுதாடா?"

"முடிஞ்சுது அண்ணே."

டேங்க்குக்குள் மிதக்கும் துணி என்ன செய்யும் என்று எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். ஓட ஓட குழாய் அதை உறிஞ்சி இழுக்கும். வாயை அடைக்கும். வண்டி நிற்கும். நின்றதும் இழுவை விட்டுப்போய் துணி நகர்ந்துவிடும். சோதித்துப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது.

அன்று சாயங்காலம் வளைவில் வண்டி நின்றது. அண்ணன் இறங்கி, மூடியைத் திறந்து டேங்க்குக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பனிக்குள்ளிருந்து லாரி வந்தது.

முதலில் அங்கே ஓடிப்போனவன் மெக்கானிக்தான். வண்டி ஏன் நின்றது என்று எல்லாரும் கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொன்னான்.

"பெட்ரோல் காலி."

தினமும் காலையில் கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றுகிற வேலை அண்ணியுடையது. "ஊத்தினேனே" என்று ஒருமுறை சொன்னாள். பிறகு, "ஊத்தினேனா?" என்றாள்.

துணியை எடுக்க அவன் முயலாமல் இல்லை. ஆளில்லாத ஒரு மத்தியானம் வளைத்த கம்பியை டேங்க்குக்குள் விட்டுத் துழாவினான்.

உள்ளேயிருந்து யாரோ கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

டேங்க்கின் உள்தகட்டில் மாட்டியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கம்பியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினான். திரும்பி வந்தபோது கம்பி வெளியே, தரையில், நிமிர்த்தி நேராக்கப்பட்டுக் கிடந்தது.

இப்போது அதே வளைவு வந்தது. இன்ஜின் ஒருமுறை இருமியது. இன்னொருமுறை. அப்புறம் அடங்கியது.

அண்ணி கைபிரேக்கை இழுத்தாள். பனி கண்ணாடியில் வந்து அப்பியது.

டக். டக்.

பின்பக்கம், டேங்க் இருக்கும் இடத்தில்.

"கேக்குதா?" என்று கிசுகிசுத்தாள்.

கேட்டது. பெட்ரோல் முள் செத்துப்போன வண்டி அது. அண்ணன் விரல் முட்டியால் டேங்க்கைத் தட்டித்தான் அளவு பார்ப்பான். காலியாக இருந்தால் கணீரென்று ஒலிக்கும். நிறைந்திருந்தால் மொத்தென்று அமுங்கும்.

மொத்தென்று கேட்டது.

நிறைந்த டேங்க். அண்ணிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

"தினமும் தட்டுவாரு" என்றாள் மெதுவாக. "நான் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்பேன். 'ஊத்த மறந்துட்டேங்க, மன்னிச்சிருங்க'ன்னு. அப்புறம்தான் வண்டி கிளம்பும். யார்கிட்டயும் சொன்னதில்ல. பைத்தியம்னுவாங்க." கதவில் கை வைத்தாள்.

பதினோரு மாதம். தினமும்.

"நீங்க இருங்க அண்ணி. நான் போறேன்."

இறங்கினான். தார்ச் சாலையின் ஈரம் செருப்பில் ஒட்டியது. வேனின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டே பின்னால் போனான்.

டேங்க் மூடி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் கழற்றவில்லை. அண்ணி இறங்கவே இல்லை.

குனிந்து பார்த்தான். உள்ளே கறுப்பு. அந்தக் கறுப்பிலிருந்து மூச்சு மாதிரி ஒரு சூடு முகத்தில் அடித்தது.

"அண்ணே" என்றான், உதடு மட்டும் அசைய. "நான்தான். அந்தத் துணிய வெச்சது நான்தான். அவங்க மேல பழி போட்டதும் நான்தான். விட்ரு அண்ணே. இன்னைக்கே சொல்லிடுறேன். உன் மேல சத்தியமா சொல்லிடுறேன்."

டேங்க் வாயில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது.

இழுக்க வேண்டியிருக்கவில்லை. அதுவாகவே மேலேறி அவன் உள்ளங்கைக்குள் வந்து படுத்தது. தலையணை உறையின் பாதி. கொடுப்பவர் கை போல, அடியில் ஒரு கணம் ஏதோ குளிர்ந்து தாங்கியது.

அப்படியே கொண்டுபோய் அண்ணியின் மடியில் வைக்க வேண்டியதுதான். இரண்டு வார்த்தை.

எட்டடி நடந்தான். பக்கவாட்டுக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அந்த முகம் நாளை தன்னை எப்படிப் பார்க்கும் என்று நினைத்தான்.

துணியைப் பள்ளத்தில் எறிந்தான்.

"என்ன தம்பி, ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. மூடி லூசு. காத்துதான் டப்டப்னு அடிச்சிருக்கு. இறுக்கிட்டேன். இனிமே நிக்காது."

"காத்தா?"

"காத்துதான்."

அவன் ஏறி உட்கார்ந்தான். அவள் சாவியைத் திருகினாள். முதல் திருகிலேயே இன்ஜின் பிடித்தது. அப்படியொரு சுத்தமான ஓசையை அவன் அந்த வண்டியில் கேட்டதே இல்லை. வளைவு பின்னால் போனது. பனி விலகியது. சாலை நேரானது.

"பரவாயில்லையே டாக்டர்" என்று சிரித்தாள், பதினோரு மாதத்தில் முதல் தடவையாக. அவனும் சிரிக்கப் பார்த்தான்.

இன்ஜின் நின்றது.

இருமவில்லை. திணறவில்லை. யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல நின்றது. டேங்க்கில் துணி இல்லை. குழாயில் அடைப்பு இல்லை. அவன் படித்த வித்தையில் இதற்கு ஒரு காரணமும் இல்லை.

வண்டி தானாக உருண்டு ஓரம் கட்டியது.

பெட்ரோல் வாசனை கனத்தது.

டக். டக்.

அண்ணி வழக்கம்போல மன்னிப்புக் கேட்கக் கதவைத் திறந்தாள். ஒரு காலைக் கீழே வைத்தவள் அப்படியே நின்றாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். மெல்லத் திரும்பி, அவன் தோளுக்கு அப்பால், அவன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"டேங்க்கை இல்ல தம்பி... உங்க கதவைத்தான் தட்டுறாரு. உங்ககிட்ட என்ன கேக்குறாரு?"